பத்தரை மாதத்தில் ஆறு வேலைகள்: தொழில் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

என்னிடம் தொழில் ஆலோசனைக்கு வந்தபோது இப்பெண்ணுக்கு வயது 25. வேதியியலில் பட்டம் பெற்றவர். ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கைகள் தயாரிக்கும் வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்ற தீர்மானம் இல்லாமலேயே அதை விட்டிருந்தார். அவருடைய அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களைத் தவிர்த்து, அவருடைய ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். வேலைகளின் வரிசையையும், அவற்றில் நடந்தவற்றையும், நான் செய்த தவறையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

முதல் சந்திப்பில் அவர் சொன்னது, இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம்தான்: “எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை.” வழக்கம்போல ஆர்வ வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பக் கொடுத்தேன். ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த வகைப்பாட்டைப் பின்பற்றி, கைத்திறன், ஆராய்ச்சி, கலை, மக்கள் தொடர்பு, தொழில்முனைவு, அலுவலக ஒழுங்கு என ஆறு திசைகளில் ஒருவருடைய நாட்டம் எவ்வளவு என்று அத்தகைய பட்டியல்கள் மதிப்பெண் தருகின்றன. இரண்டு மூன்று திசைகளில் உயர்ந்தும் மற்றவற்றில் தாழ்ந்தும் இருந்தால் பேசுவதற்கு ஏதாவது கிடைக்கும். இவருடைய ஆறு மதிப்பெண்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. மேடுபள்ளமற்ற இத்தகைய விடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றிலும் உண்மையாகவே ஓரளவு நாட்டம் உள்ளவராக அவர் இருக்கலாம். அல்லது கேட்கப்பட்ட வேலைகளில் எதையுமே செய்து பார்த்திராததால் ஒவ்வொரு கேள்விக்கும் நடுக்கட்டத்தில் குறியிட்டிருக்கலாம். விசாரித்தபோது இரண்டாவதுதான் என்று தெரிந்தது. இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பிடிக்குமா என்ற கேள்விக்கு, தான் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை என்பதால் ‘ஓரளவு’ என்று எழுதியதாகச் சொன்னார்.

இந்த நிலையில் இன்னொரு வினாப்பட்டியலைக் கொடுப்பது முதல் பட்டியலின் குறையை மீண்டும் அளப்பதாகத்தான் இருந்திருக்கும். பொருளியலில் பொருட்களை இரண்டாகப் பிரிப்பதுண்டு: பார்த்தாலே தரம் தெரிந்துவிடுபவை, பயன்படுத்தினால் மட்டுமே தரம் தெரிபவை. ஒரு வேலையும் அதைச் செய்பவரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று 1979-இல் போயன் ஜோவனோவிச் தம் கோட்பாட்டில் காட்டினார். வேலையில் சேர்ந்த பின் நாள்தோறும் கிடைக்கும் தகவலிலிருந்துதான் பொருத்தம் புலப்படுகிறது, பொருந்தாதவர்கள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே விலகுகிறார்கள், பொருந்தியவர்கள் நிலைக்கிறார்கள். அப்படியானால் சீக்கிரம் விலகுவதைத் தோல்வி என்று கொள்ளாமல், அறிந்துகொள்வதற்குக் கொடுத்த விலை என்று கொள்ளலாம். இந்த வாதத்தை அவரிடம் விளக்கி, ஒரு வருட எல்லைக்குள் குறுகிய காலப் பணிகள் சிலவற்றைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார், ஆனால் தயக்கத்துடன். தொழில் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்த டொனால்ட் சூப்பர், தேடலுக்குரிய பருவம் ஏறத்தாழ 15 வயது முதல் 24 வயது வரை என்று வரைந்திருந்ததை எங்கோ படித்துவிட்டு, தான் ஒரு வருடம் பிந்திவிட்டதாகக் கவலைப்பட்டார். அந்த வயதுக் கோடுகளைப் பேருந்து அட்டவணைபோல எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தொழிலை மாற்றும்போதெல்லாம் அந்தப் பருவங்களை மீண்டும் கடக்க நேரும் என்று சூப்பரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

முயற்சியை எப்படி அமைத்தோம்

நான்கு ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். சேமிப்பு எத்தனை மாதங்களுக்குத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதில் பாதிக்கு மேல் கரையும் நாளில் முயற்சியை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அடுத்தது நேர்மை பற்றியது. நிரந்தரமாக இருப்பேன் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு ஆறாவது வாரத்தில் விலகுவதை நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் அதன் சுமை பயிற்சி கொடுத்த மேற்பார்வையாளர் மீதும் உடன் வேலை செய்பவர்கள் மீதும் விழுகிறது. ஆகவே விடுப்பில் செல்பவருக்கு மாற்று, ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கு, களக் கணக்கெடுப்பு, நிகழ்ச்சி ஏற்பாடு என்று இயல்பிலேயே சில வாரங்களில் முடிந்துவிடும் பணிகளை மட்டும் தேடினோம். இப்படிப் பார்த்தால் தேர்வு சுருங்கிவிடும் என்று முதலில் அஞ்சினேன். உண்மையில் அத்தகைய பணிகள் எண்ணிக்கையில் குறைவில்லை, கௌரவம் குறைவு என்பதால் பட்டதாரிகளின் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஏற்பாடு, ஒவ்வொரு வேலையிலும் சேர்வதற்கு முந்தைய நாள் அந்த வேலையிடம் கேட்க விரும்பும் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைப்பது. ‘இது எனக்குப் பிடிக்கிறதா’ என்பதைக் கேள்வியாக ஏற்க மறுத்தேன். ‘நாள் முழுவதும் நின்றுகொண்டு வேலை செய்தால் மாலையில் எனக்கு எவ்வளவு தெம்பு மிஞ்சுகிறது’, ‘முன்பின் தெரியாதவர்களிடம் முதலில் பேசத் தொடங்குவது பத்தாவது நாளிலும் கடினமாக இருக்கிறதா’ என்பவை போன்ற, விடை சொல்லக்கூடிய கேள்விகள் வேண்டும்.

நான்காவது நாட்குறிப்பு. கடந்துபோன நாளைச் சிறு நிகழ்வுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று பதியும் ஒரு முறையை டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்டார்கள். அதன் எளிய வடிவம் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன்: ஒவ்வொரு வேலை நாளையும் நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கையில் இருந்த காரியம் என்ன, உடன் யார் இருந்தார், மனம் வேலையில் இருந்ததா வேறெங்காவது இருந்ததா என்று மூன்றே விவரங்கள். வேலை முடிந்து வெளியேறும் நாளில் மட்டும் முழு வேலைக்கும் பத்துக்கு ஒரு மதிப்பெண் இட வேண்டும். இந்த இறுதி மதிப்பெண்ணை நான் சேர்த்திருக்கவே கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதிலும் ஒரு கோட்பாடு உண்டு. ராபர்ட் மில்லர் 1984-இல் எழுதியதன் சாரம் இது: இளம் வயதில் விளைவு நிச்சயமற்ற தொழில்களை முதலில் முயல்வதே நல்லது, ஏனெனில் மோசமாக அமைந்தால் விட்டுவிடலாம், நன்றாக அமைந்தால் பலனை நீண்ட காலம் அனுபவிக்கலாம். இதை நான் அறிந்திருந்தும், எங்கள் வரிசையைத் தீர்மானித்தது எப்போது எது கிடைத்தது என்பதே. கோட்பாட்டைப் பின்பற்றியதாக எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல.

முதல் மூன்று வேலைகள்

முதலாவது ஒரு கிடங்கில் மூன்று வாரச் சரக்குக் கணக்கெடுப்பு. கையடக்க ஸ்கேனருடன் அடுக்குகளுக்கிடையே நடந்து, கணினியில் உள்ள இருப்பும் தட்டில் உள்ள இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுதிய கேள்வி உடல் உழைப்பைப் பற்றியது. அதற்கு விடை நான்காம் நாளே கிடைத்துவிட்டது: கால் வலித்தது, மற்றபடி சமாளிக்க முடிந்தது. நாட்குறிப்பில் எண்ணும் நேரங்களில் எல்லாம் மனம் வெளியே திரிந்திருக்கிறது. விதிவிலக்கான பகுதிகள் சில இருந்தன. கணினி 140 பெட்டிகள் என்று காட்டிய இடத்தில் தட்டில் 128 இருந்தன. மேற்பார்வையாளர் வித்தியாசத்தைக் குறித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகச் சொன்னார். இவர் மதிய இடைவேளையில் திரும்பிவந்த சரக்குக்கான மூலையில் தேடி, விடுபட்ட 12 பெட்டிகள் வேறொரு குறியீட்டு ஒட்டுடன் கிடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அன்றைய பதிவு மற்ற நாட்களுடையதைப் போல மூன்று மடங்கு நீளம். இதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஆர்வமுள்ள புதியவர் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது வேலை ஐந்து வாரங்கள். வீடு வீடாகச் சென்று வினாப்படிவம் நிரப்பும் களப்பணி. புதியவர்களிடம் பேச்சைத் தொடங்குவது பற்றிய கேள்வியை இதற்கு எழுதியிருந்தார். முதல் வாரம் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று மூச்சை இழுத்துவிட்டுத் தட்டியதாகவும், மூன்றாம் வாரம் முதல் அது மறந்துபோனதாகவும் பதிவு இருக்கிறது. தன்னைக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று பள்ளி நாளிலிருந்தே நம்பி வந்தவருக்கு இது பெரிய செய்தி. ஆனால் இந்த வேலை தந்த முக்கியத் தகவல் நாங்கள் எழுதிய கேள்விக்கு வெளியே இருந்தது. மாலையில் அன்றைய படிவங்களைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். குழுவில் மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். குடும்பத் தலைவருக்கு 34 வயது என்றும் அவருடைய மூத்த பிள்ளைக்கு 22 வயது என்றும் எழுதப்பட்ட படிவத்தை வைத்துக்கொண்டு, பிழை பதிலில் நேர்ந்ததா, கேள்வி புரிந்துகொள்ளப்பட்ட விதத்தில் நேர்ந்ததா, எழுதிய கையில் நேர்ந்ததா என்று யோசித்து, மறுநாள் அதே வீட்டுக்குத் திரும்பப் போயிருக்கிறார். அந்த மாலை நேரத் துண்டுகள் ஏறக்குறைய அனைத்திலும் ‘மனம் இங்கேயே’ என்ற பதிவு.

மூன்றாவது, வாடிக்கையாளர் அழைப்பு மையம், ஆறு வாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆலோசகர்களும் பெற்றோர்களும் வழக்கமாக விழும் குழி இங்கேதான் இருக்கிறது. இவர் அந்த வேலையில் மிகச் சிறப்பாகச் செய்தார். கோபமாகப் பேசுபவர்களைத் தணிக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. நான்காம் வாரம் குழுவின் முன்னால் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். ஐந்தாம் வாரம் நிரந்தர வேலைக்கு அழைத்தார்கள். நாட்குறிப்போ வெறுமையாகக் கிடந்தது. வேறு எந்த வேலையிலும் இல்லாத அளவுக்குத் துண்டுகள் நிரப்பப்படாமல் விடப்பட்டிருந்தன. நிரப்பியவற்றில் ‘அழைப்புகள்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அவர்கள் சொல்கிற குறை எதனால் வந்தது என்று நான் கேட்கக்கூடாது. வேறு பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தக் குறை என்ன ஆயிற்று என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.” ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்டம் இருவரும் 1970-களில் வகுத்த வேலைப் பண்புகளின் பட்டியலில் ஒன்று, ஒரு காரியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கையாளும் வாய்ப்பு, இன்னொன்று, செய்தது சரியாக வந்ததா என்று வேலையிலிருந்தே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. இரண்டுமே அங்கு இல்லை. திறமை இருந்ததால் அந்த இல்லாமை வெளியே தெரியவில்லை. பாராட்டு வந்த வேலையை விடுவது, திட்டு வந்த வேலையை விடுவதைவிடக் கடினம் என்பதை அந்த வாரம் அவர் அழைப்பை மறுக்கப் பட்ட பாட்டில் பார்த்தேன்.

நான் தவறாகப் படித்த இடம்

நான்காவது வேலை ஒரு பயிற்சி மையத்தில், விடுப்பில் சென்ற அறிவியல் ஆசிரியைக்குப் பதிலாக ஏழு வாரம் வகுப்பு எடுப்பது. ஆறு வேலைகளிலும் மிக உயர்ந்த இறுதி மதிப்பெண், பத்துக்கு ஒன்பது, இதற்குத்தான் கிடைத்தது. வெளியேறிய மறுநாள் என்னைச் சந்திக்க வந்தவரின் முகமே வேறாக இருந்தது. மாணவர்கள் கடைசி நாளில் தாங்களே எழுதிய வாழ்த்து மடலைக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டும்போது குரல் தழுதழுத்தது. தேடல் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கான விண்ணப்பத்தைப் பற்றி அன்றே பேசத் தொடங்கி, எந்தப் பிரிவில் சேரலாம் என்பதுவரை போய்விட்டேன்.

அனுபவம் ஒன்றை நினைவுகூரும்போது அதன் உச்சக் கணமும் முடிவும் நம் மதிப்பீட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடுகின்றன என்பது கானமனின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்தக் குறைக்கு மாற்றாகத்தான் நாட்குறிப்பு முறையையே தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படியிருந்தும், பத்துக்கு ஒன்பது என்ற எண் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததால், ஏழு வாரப் பதிவுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரிவு நாளின் நெகிழ்ச்சிக்கு இடப்பட்ட மதிப்பெண்ணை ஏழு வார வேலைக்கு இடப்பட்டதாகப் படித்தேன். தவறைக் கண்டுபிடித்தவர் அவரே. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது கை ஓடவில்லை என்றும், அதனால் நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்ததாகவும் இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்.

இருவரும் சேர்ந்து பதிவுகளைத் தரம் பிரித்தோம். வகுப்பில் நின்று பாடம் நடத்திய துண்டுகளில் பாதிக்கு மேல் ‘களைப்பு’, ‘மணி எப்போது அடிக்கும்’ என்றிருந்தன. பாடத்துக்கு முன் தயாரித்த நேரம் நடுத்தரம். தேர்வுத்தாள் திருத்திய நேரங்கள், பொதுவாக ஆசிரியர்கள் சுமையாகக் கருதுபவை, இவருக்குத் தெளிவாக நன்றாக இருந்திருக்கின்றன. ஒரே கேள்வியில் பதினொரு மாணவர்கள் ஒரே விதமான தவறான விடை எழுதியிருப்பதைக் கண்டு, அலகு மாற்றத்தில் ஒரு படியைத் தானே அவசரமாகச் சொல்லியிருக்கிறோம் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்த மாலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிறகு கிடங்குக் குறிப்புகளை எடுத்தோம், பிறகு களப்பணிக் குறிப்புகளை. 12 பெட்டிகள், 34 வயது, பதினொரு தவறான விடைகள். மூன்று இடங்களிலும் அவர் செய்திருப்பது ஒரே காரியம்: ஒரு முரண் எங்கிருந்து முளைத்தது என்று அதன் வேர்வரை போவது. அழைப்பு மையத்தில் தடுக்கப்பட்டிருந்ததும் அதே காரியம்தான்.

வினாப்பட்டியலில் இதற்கு ஒரு கேள்வி இல்லை. ‘முரணின் மூலத்தைத் தேடுபவர்’ என்று எந்தத் தொழிலுக்கும் பெயரும் இல்லை. தணிக்கை, தர ஆய்வு, மென்பொருள் சோதனை, நோய் அறிதல், பதிப்பகத்தில் பிழை பார்த்தல் என்று பல தொழில்களின் உள்ளே அது ஒரு பகுதியாக ஒளிந்திருக்கிறது. தொழில்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு எது பிடிக்கும் என்று கேட்டபோது இவருக்குப் பதில் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது வேலை, ஒரு மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவில் நான்கு வாரம், இந்த அலசலுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்ததால் அதை முடித்துக்கொடுத்தார். பரபரப்பு பிடித்தது, தூக்கம் கெட்டது, எந்தத் தவறும் ஏன் நடந்தது என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது வேலை

ஆறாவதை மட்டும் நாங்கள் தேடிப்போனோம். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில், அத்துறையினர் காலிபிரேஷன் என்றே சொல்லும் பணியில், எட்டு வாரத்துக்கு உதவியாளர் தேவைப்பட்டார். வேதியியல் பட்டம் இங்கே கைகொடுத்தது. எழுதிய கேள்வி முந்தையவற்றிலிருந்து மாறியிருந்தது: ‘ஒரே சோதனையை நாளுக்கு இருபது முறை செய்த பிறகும், இருபத்தோராவதில் ஏதாவது தவறினால் எனக்கு உறைக்குமா?’

வேலையின் தன்மையைக் கொஞ்சம் விளக்கினால்தான் அந்தக் கேள்வியின் பொருள் புரியும். ஆய்வகங்களில் சிறு அளவு திரவத்தை எடுக்கப் பயன்படும் பிப்பெட்டைச் சரிபார்க்க, அதிலிருந்து வெளியேறும் தூய நீரை நுண்தராசில் எடை பார்த்து, நீரின் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் உரிய திருத்தக் காரணியால் பெருக்கிக் கனஅளவாக மாற்றுவார்கள். பிப்பெட்டின் முழு அளவு, பாதி அளவு, பத்தில் ஒரு பங்கு என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் பத்து முறை அளக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 8655 தரநிலை சொல்லும் வழி. ஆக, ஒரு பிப்பெட்டுக்கு முப்பது அளவீடுகள். மைக்ரோலிட்டர் கணக்கில் அளக்கும்போது, எடை பார்க்கும் சில விநாடிகளில் ஆவியாகும் நீர்கூட விடையை மாற்றிவிடும். கிடைத்த விடையோடு, அது எவ்வளவு தூரம் பிசகியிருக்கக்கூடும் என்ற நிச்சயமின்மையையும் கணக்கிட்டுச் சான்றிதழில் எழுத வேண்டும். இத்தகைய ஆய்வகங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலை அதைக் கட்டாயமாக்குகிறது. தன்னுடைய பிழையின் அளவைத் தானே எழுதிக் கையெழுத்திடச் சொல்லும் வேலைகள் அதிகமில்லை.

இந்த வேலையில் அவர் மகிழ்ச்சியில் திளைத்தார் என்று எழுத முடியாது. மூன்றாம் வாரப் பதிவுகளில் ‘சலிப்பு’ என்ற சொல் பதினொரு முறை வருகிறது. அழைப்பு மையத்திலோ அந்தச் சொல் ஒரு முறைகூட வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இன்னொரு முறை தவறியிருப்பேன். அழைப்பு மையத்தில் எழுதுவதற்கே ஒன்றும் இல்லாத சோர்வு. இங்கே, சலிப்பு என்று எழுதிய அதே வரியில், ஏழாவது அளவீடு மட்டும் ஏன் தாழ்ந்தது, பிப்பெட்டின் உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்திருக்குமா, கை உஷ்ணம் ஏறியிருக்குமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. எந்த வேலையிலும் பெரும்பகுதி நேரம் ஒரே மாதிரியாகத்தான் கழியும். அந்த நேரத்தில் மனம் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை ‘பிடித்திருக்கிறதா’ என்ற கேள்வி வெளியே கொண்டுவராது.

எட்டு வாரம் முடிந்ததும் ஆய்வகம் நீட்டிப்புக் கொடுத்தது. அடுத்து நிரந்தரப் பணி. வேலைகளுக்கு இடையிலான இடைவெளிகளையும் சேர்த்து முழு முயற்சிக்கு ஆனது பத்தரை மாதம். அதில் உண்மையில் வேலை செய்தது 33 வாரம். சேமிப்பு, நாங்கள் போட்ட கோட்டுக்கு மிக அருகே வந்திருந்தது.

எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம்

இந்த முயற்சியின் நடுவே அவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். மொத்த வாய்ப்புகளில் முதல் 37 சதவீதத்தை ஆராய்ந்து விட்டுவிட்டு, அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விடச் சிறந்ததாக அடுத்து வருவதைத் தயங்காமல் ஏற்க வேண்டும் என்ற கணித விதி அது. தேர்வுச் சிக்கல்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. கணிதத்தில் பிழையில்லை. ஆனால் மொத்தம் எத்தனை வாய்ப்புகள் என்று முன்பே தெரியும், கைவிட்டதற்குத் திரும்ப முடியாது, மிகச் சிறந்த ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் ஒரே அளவு தோல்வி என்ற மூன்று நிபந்தனைகளின் மேல் அது நிற்கிறது. தொழில் தேடலில் மூன்றுமே பொருந்துவதில்லை. அதைவிட முக்கியமானது, இங்கே ஒரு வேலை அடுத்த வேலையைப் பார்க்கும் கண்ணையே மாற்றிவிடுகிறது. கிடங்கில் மூன்று வாரம் இல்லாமல் காலிபிரேஷன் விளம்பரத்தை இவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இளம் வயதில் வேலை மாறுவது விதிவிலக்கு அன்று. அமெரிக்க ஆண் தொழிலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்த ராபர்ட் டோப்பெலும் மைக்கேல் வார்டும் 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் பத்து ஆண்டுகளில் ஒருவர் சராசரியாக ஏழு முதலாளிகளிடம் வேலை செய்கிறார். வாழ்நாளில் அவர் மாறும் வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இக்காலத்தில் முடிந்துவிடுகிறது. ஆரம்பக்கால ஊதிய உயர்வில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இந்த மாற்றங்களின் வழியே வருகிறது. இதைப் படிப்பவர், எத்தனை முறை மாறினாலும் நல்லதே என்று முடிவு கட்டிவிடக்கூடாது. டெட்ராயிட் நகரின் நலத்திட்டப் பயனாளிகளை வைத்து டேவிட் ஆட்டரும் சூசன் ஹவுஸ்மனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நேரடி வேலைகளில் அமர்த்தப்பட்டவர்களின் பிற்கால வருமானம் உயர்ந்தது. தற்காலிகப் பணியாளர் முகவர்கள் வழியாக அமர்த்தப்பட்டவர்களுக்கு அந்த உயர்வு ஏற்படவில்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்த வாரச் சம்பளத்தை நம்பியிருப்பவர் எடுக்கும் தற்காலிக வேலையும், சேமிப்பின் துணையோடு ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு இவர் எடுத்த தற்காலிக வேலையும் பெயரில்தான் ஒன்று. இவரால் பத்தரை மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதை இந்த ஆய்வின் எந்த முடிவிலிருந்தும் பிரித்தெடுக்க முடியாது.

முறையிலேயே உள்ள குறைகளும் உண்டு. சில வாரங்களில் தெரிவது ஒரு தொழிலின் வாசற்படி மட்டுமே. ஏழு வாரம் வகுப்பெடுத்தவர், ஒரே மாணவன் மூன்று ஆண்டுகளில் வளர்வதைப் பார்க்கும் ஆசிரியரின் அனுபவத்தைப் பெறவில்லை; ஆகவே ஆசிரியப் பணி இவருக்கு ஒத்துவராது என்று நான் சொல்லமாட்டேன், அதன் தொடக்க நிலை இவரை அதிகம் களைப்படையச் செய்தது என்று மட்டும் சொல்வேன். மருத்துவம், சட்டம் போன்ற, நீண்ட படிப்பு இல்லாமல் உள்ளே நுழையவே முடியாத தொழில்களை இந்த முறையால் சுவைத்துப் பார்க்க இயலாது. அவற்றைச் செய்பவர் அருகே சில நாட்கள் இருந்து கவனிப்பது ஓரளவு மாற்றாகலாம். பயோடேட்டாவில் ஆறு சிறு வரிகள் இருப்பது சில முதலாளிகளை அஞ்சவைக்கும்; இவர் அவற்றை ஒரே தலைப்பின் கீழ், ‘குறித்த காலப் பணிகள், அனைத்தும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை’ என்று எழுதினார். இந்த ஒரு வரி நேர்காணலில் கேள்விகளைத் தடுக்கவில்லை, ஆனால் அவற்றின் தொனியை மாற்றியது என்று சொன்னார். மேலும், வரிசை மாறியிருந்தால் விளைவு மாறியிருக்குமா என்று அறிய வழியில்லை.

அடுத்த முறை நான் மாற்றப்போவது இரண்டு. இறுதி மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, வெளியேறி இரண்டு வாரம் கழித்து, நாட்குறிப்பை வாசித்த பின், ‘எந்தத் துண்டுகளை மட்டும் சம்பளமில்லாமலும் செய்திருப்பீர்கள்’ என்று கேட்கிறேன். இரண்டாவதாக, அலசலை ஐந்தாவது வேலை வரை தள்ளிப்போடாமல் இரண்டாவது வேலை முடிந்ததுமே தொடங்குகிறேன். இவருடைய நிகழ்வில் அப்படிச் செய்திருந்தால் அழைப்பு மையமும் மாநாடும் தேவைப்பட்டிருக்காது என்று ஒரு கட்டத்தில் அவரிடமே சொன்னேன். அழைப்பு மையம் தேவைப்பட்டது என்று மறுத்தார். எது இல்லாவிட்டால் தனக்கு மூச்சு முட்டும் என்று அங்கேதான் தெரிந்தது என்றார்.

தொடர் கண்காணிப்பு

புதிய வேலையில் சேர்ந்தவுடன் திருப்தி ஏறுவதும் பின்னர் இறங்குவதும் வெண்டி பாஸ்வெல் முதலியோர் 2005-இல் பதிவு செய்த போக்கு. அதனால் எட்டு வாரத் திருப்தியை நம்பாமல் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் சந்திக்க ஏற்பாடு செய்திருந்தேன். ஆறாம் மாதம் இறக்கம் வந்தே இருந்தது. நாள் முழுவதும் மூடிய அறையில் தராசின் முன் இருப்பதாகவும், களப்பணியில் சந்தித்த மனிதர்களின் நினைவு வருவதாகவும் சொன்னார். சம்பளம் மெதுவாகவே ஏறுகிறது என்ற குறையும் இருந்தது. வேலையை விட எண்ணுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார், கருவிகள் இருக்கும் இடங்களுக்கே போய்ச் சரிபார்க்கும் குழுவில் சேர விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார். பன்னிரண்டாம் மாதச் சந்திப்பின்போது அந்தக் குழுவில் இருந்தார். பயணத்தில் நாட்குறிப்பு எழுதுவது சிரமமாக இருப்பதாகவும், இனி எழுதாமல் விடலாமா என்றும் கேட்டார். விடலாம் என்றேன்.